மடிக்கடலை பூத்த வருஷம்

செம்மேட்டுக் கூட்டுரோட்டில் முதல் பூ பூத்தது ஒரு கிண்ணம் வேர்க்கடலைச் சட்னியில். ஐப்பசி மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும், மாசிலாமணி டீக்கடையில் இட்லிக்கு ஊற்றிய சட்னியின் நடுவிலிருந்து, தாளித்த கடுகை மெல்ல ஒதுக்கிக்கொண்டு, ஐந்து இதழோடு, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூ எழுந்து நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் அதை இரண்டு விரலால் எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார். மாசிலாமணி ஊற்றினார். அதிலும் பூத்தது. டிரைவர் அதையும் எடுத்து முதல் பூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மிச்ச இட்லியைச் சாப்பிட்டு முடித்தார். ஆச்சரியப்படுவதில் எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் சோம்பேறிகள்தான், அந்த டிரைவர் வெளியூர் என்றாலும் எங்கள் கடையில் உட்கார்ந்தவுடன் அவருக்கும் அது தொற்றிக்கொண்டது.

அந்த வாரத்துக்குள் பக்கோடாவில் பூத்தது, கடலை உருண்டையில் பூத்தது, செக்கிலிருந்து வந்த எண்ணெய் டின்னின் மூடியைத் தூக்கிக்கொண்டு பூத்தது, பிண்ணாக்குத் தின்ற மாடுகளின் பாலில் பூத்து கேனின் கழுத்துவரை மிதந்தது. பால் சொசைட்டிக்காரர் சல்லடை வைத்துப் பூவை அரித்து எடுத்துவிட்டு, பால் அளவு குறைகிறது என்று மட்டும் வருத்தப்பட்டார். மாரியம்மன் கோயில் பூசாரி, தானாக வந்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று அம்மனுக்குச் சரமாகக் கட்டிப் போட்டார், ஆனால் மறுநாள் காலையில் அம்மன் கழுத்திலிருந்து சரம் கீழே கிடந்தது, அதற்கடுத்த நாளும் கிடந்தது, பூசாரி அதற்கு நூலைக் குறை சொன்னார். கல்யாணப் பந்தியில் யார் இலையில் எத்தனை பூ என்று எண்ணிப் பார்த்து, அதிகம் பூத்த இலைக்காரர் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டியவர் என்று பெண் வீட்டார் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தன் பதவிக்காலத்தில்தான் ஊர் பூத்தது என்று மைக் வைத்துச் சொன்னார்.

பூசணம் என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கடலைச்செடி பூ வைத்தாலும் பூத்தது என்போம், மூட்டைக்குள் கடலை பூசணம் பிடித்தாலும் பூத்துப்போச்சு என்போம். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்ட ஊர், எந்த வேலைக்கு அது வந்திருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடுமா? அந்தப் பூவுக்கு வாசமும் கிடையாது. முகர்ந்தால் மூக்கின் உள்பக்கம் லேசாகக் கசக்கும். ஒரு பிடி கடலை தின்றால் அதில் ஒன்று கசக்கத்தான் செய்யும், கசந்தால் இன்னொன்று போட்டு வாயைச் சரிசெய்துகொள்வது எங்களுக்குப் பழக்கம், அதனால் அந்தக் கசப்பும் எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

கூட்டுரோட்டின் மேற்குப் பக்கம் தெய்வசிகாமணியின் கடலை உடைக்கும் மில் இருக்கிறது. உடைத்த பருப்பை நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து பொறுக்குவார்கள். உருண்டு திரண்டது ஒரு பக்கம், அது மூட்டையாகித் துறைமுகம் போகும். உடைசல் ஒரு பக்கம், அது செக்குக்கும் ஊர்க் கடைகளுக்கும் போகும். சுருங்கியது, கறுத்தது, ஓட்டை விழுந்தது, பச்சைத் தூசி படிந்தது எல்லாம் சேர்ந்தால் சொத்தை. அந்த நாற்பது பேரில் விரல்களாலேயே சொத்தையைக் கண்டுபிடிப்பவள் அஞ்சலாட்சி. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குவாள், பேசிக்கொண்டே பொறுக்குவாள், சண்டை போட்டுக்கொண்டும் பொறுக்குவாள்.

சண்டை போடுவதில் அவளுக்குப் பெயர் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மில்லை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பெண்ணும் வாசலில் நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், ஒரு பருப்பு விழுந்தாலும் அன்றைக்கு ஊர் முழுக்க அவள் பெயர் நாறும். இருபத்திரண்டு வயது அஞ்சலாட்சி ஒருநாள் உதற மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்தாள், மறுநாள் அவளோடு பத்துப் பேர் உட்கார்ந்தார்கள், பதினோராம் நாள் மில் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்தது. தெய்வசிகாமணி இறங்கி வந்தார். இனி யாரும் உதற வேண்டாம், சனிக்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு மடி சொத்தையை எடுத்துப் போகலாம் என்றார். அதுதான் மடிக்கடலை. எங்கள் ஊரில் அது வெறும் கடலை இல்லை, தலை நிமிர்ந்து நடந்ததற்கான அடையாளம். பெண்கள் அதை உப்பு போட்டுக் கருக வறுத்து வாடையைப் போக்கி, வெல்லப்பாகில் உருண்டை பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், சட்னி அரைத்தார்கள், மிஞ்சியதைச் செக்கில் ஆட்டினார்கள். வறுத்தால் எல்லாம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் போய்ச் சரிபார்ப்பார்கள்?

அஞ்சலாட்சிக்கு ஒரே மகள், நிலவரசி, நான்கு வயது. பார்த்தவர்கள் இரண்டு வயது என்பார்கள். பால்வாடியில் மாதாமாதம் எடை போடும்போது தராசு முள் ஒரு வருஷமாக ஒரே இடத்தில் நின்று அடம்பிடித்தது. அந்த வருஷம் கார்த்திகை மாதம் ஒரு காலையில் அஞ்சலாட்சி மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, வலதுபக்கம் விலா எலும்புக்குக் கீழே, தோலின் மேல், அந்தப் பூ பூத்திருந்தது. அஞ்சலாட்சி கிள்ளி எடுத்தாள். பிள்ளைக்கு வலிக்கவில்லை, கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரித்தாள். மறுநாள் அதே இடத்தில் அதே பூ.

மில் பெண்களின் வீடுகளில்தான் இப்படிப் பூத்தது, அம்மாவுக்கும் பிள்ளைக்கும், வலது விலாவுக்குக் கீழே. ஊர் அதையும் பழகிக்கொண்டது. தையல்காரர் ஜாக்கெட்டில் அந்த இடத்தில் காஜா எடுத்து ஒரு துளை விட்டுத் தைத்துக் கொடுத்தார், பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வேனில் வந்து அந்தப் பிள்ளைகளின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், பூவுடம்புக்காரி என்று பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். காலமெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்தவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தால் யாருக்குத்தான் அதை விட மனசு வரும்?

அஞ்சலாட்சிக்கு மட்டும் அந்தப் பூ பிடிக்கவில்லை. அதன் நிறம் அவள் விரலுக்குத் தெரிந்த நிறம், சொத்தைமேல் படியும் தூசியின் நிறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒன்பது எவர்சில்வர் தட்டுகளைப் பரப்பி, துறைமுகத்துக்குப் போகும் பருப்பை ஒன்றில், உடைசலை ஒன்றில், காயவைத்த காயை ஒன்றில், மில்லில் உடைக்கும் முன் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் குவித்துப் போட்ட காயை ஒன்றில், சொத்தையைப் பச்சையாகவும் வறுத்தும் அரைத்தும் உருண்டையாகவும் எண்ணெயாகவும் மிச்சத் தட்டுகளில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏறத் தட்டுகள் பூத்தன. துறைமுகப் பருப்பு பூக்கவில்லை. காய்ந்த காய் பூக்கவில்லை. தண்ணீர் பட்ட காய் பூத்தது. உடைசலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்தது. சொத்தை வைத்த தட்டுகள் ஐந்தும், வறுத்ததும் வறுக்காததும், தட்டு தெரியாமல் பூத்தன. அஞ்சலாட்சி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

டாக்டர் யாஸ்மின் அங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பூவை எடுத்துப் பார்த்தார், பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், தட்டுகளின் கதையை முழுக்கக் கேட்டார்.

"இந்தப் பூ ஏன் பூக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா, எங்க புஸ்தகத்துல இல்ல. ஆனா அது பூக்கற எடத்துல எல்லாம் பூசணத்தோட நஞ்சு இருக்கு. அது புஸ்தகத்துல இருக்கு."

"வறுத்துத்தான டாக்டரம்மா குடுக்கறன்?"

"வறுத்தா வாடை போவும், நஞ்சு முழுசாப் போவாது. அரைச்சாலும் போவாது, வெல்லம் போட்டாலும் போவாது. ஒரு நாள் தின்னா ஒண்ணும் தெரியாது. தெனம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஈரலைக் கெடுக்கும். பெரியவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு ஈரல்ல புத்துநோய் வர்ற ஆபத்து கூடும். சின்னப் புள்ளைங்களுக்கு வளத்தி நின்னுபோவலாம்."

அஞ்சலாட்சி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நின்னது மறுபடி வருமா?"

"நாலு வயசுதான ஆவுது. இன்னிக்கே நிறுத்திட்டு நல்ல சாப்பாடு குடுத்தா வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

வீட்டுக்கு வந்து உருண்டை வைத்திருந்த தூக்குவாளியை மண்ணில் கவிழ்த்துவிட்டு அஞ்சலாட்சி வாய்விட்டு அழுதாள். பதினோரு நாள் வெயிலில் உட்கார்ந்து, உதடு வெடித்து, ஊர் வாயில் விழுந்து, தன் பிள்ளைக்கென்று வாங்கி வந்தது இதைத்தானா? தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை மில் வாசலில் மேஸ்திரி முறம் முறமாகச் சொத்தையை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். அஞ்சலாட்சியின் மடியில் விழுந்ததும் அவள் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, முந்தானையை உதறினாள். கடலை சரசரவென்று சிமெண்டில் சிதறியது. அன்றைக்கு அவளோடு மறுநாளே வந்து உட்கார்ந்த பத்துப் பேரில் ஒருத்தியான சின்னபொண்ணு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"யக்கா, இன்னா பண்ற நீ? உதற மாட்டன்னு சொல்லித்தான அன்னிக்கு ஒக்காந்தோம்? இன்னிக்கு மொதலாளி முன்னாடி நீயே உதறிக் காட்டறியா?"

"அன்னிக்கு அவுங்க உதறச் சொன்னாங்க, உதறல. இன்னிக்கு நானா உதறறன். இது நஞ்சு சின்னபொண்ணு. எம் புள்ளைக்கு நானே ஊட்டியிருக்கறன்."

"காலங்காலமாத் தின்றோம், யாரு செத்தா? மொதலாளி ஒனக்கு இன்னா குடுத்தாரு, சொல்லு!"

தெய்வசிகாமணி நாற்காலியில் சாய்ந்து, "அஞ்சலாட்சிக்கு வேணாமுன்னா விடுங்கம்மா, அவ பங்கையும் நீங்களே எடுத்துக்குங்க" என்று சிரித்தார். எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு இரண்டு வாரம் மில்லில் யாரும் அஞ்சலாட்சிக்குத் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தவில்லை, அவளுக்கு எதிரே உட்காரவில்லை, பூவில்லாமல் போகப்போகிறவள் என்று பஸ்ஸில்கூட இடம் கொடுக்கவில்லை. அவள் ஒருத்தியாக உட்கார்ந்து கண்ணை மூடிப் பொறுக்கினாள். மகளுக்குக் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் முட்டையும் கொடுத்தாள். காலையில் எழுந்ததும் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். பொத்தான் அளவு இருந்த பூ கொண்டைக்கடலை அளவுக்கு வந்திருந்தது, அதைச் சொல்லக்கூட அவளுக்கு ஆள் இல்லை.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள், காலை இடைவேளையில், சின்னபொண்ணு மில்லின் நடுவில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை குடித்து முடித்து முகத்தைத் திருப்பியது. அதன் கடைவாயில் ஒட்டியிருந்த ஒரு சொட்டுப் பாலில், எல்லோரும் பார்க்கப் பார்க்க, எள்ளளவுக்கு ஒரு பூ பூத்தது.

சின்னபொண்ணு முந்தானை நுனியால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். எழுந்து வந்து, இரண்டு வாரமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், அஞ்சலாட்சிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"யக்கா, எம் பாலுலயும் வந்துடுச்சே. இனிமே பாலு குடுக்கறத நிறுத்தணுமா?"

"நிறுத்தாதடி. நான் அதையும் டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டன், நீ வருவன்னு தெரியும். புள்ளைக்குத் தாய்ப்பாலுதான் நல்லது, பாலை நிறுத்தாத, நீ தின்றதை மாத்துன்னாங்க." அஞ்சலாட்சி தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினாள். இருவரும் அழுதார்கள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்ன செய்யலாம் என்று பேசினார்கள்.

அந்தச் சனிக்கிழமை நாற்பது மடியும் ஒன்றாக உதறின. அந்தச் சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது, மாசிலாமணி மழை என்று நினைத்துப் பாய்லரை உள்ளே நகர்த்தினார். பிறகு நாற்பது பேரும் மில் வாசலில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில், உட்கார்ந்தார்கள்.

"இப்ப இன்னா வேணும் ஒங்களுக்கு?" என்றார் தெய்வசிகாமணி.

"காயி மேல தண்ணி தெளிக்கக் கூடாதுங்க மொதலாளி" என்றாள் அஞ்சலாட்சி.

"தெளிக்கலன்னா பருப்பு ஒடையும், தெரியாதா?"

"மெஷினு வேகத்தைக் கொறைங்க, ஒடையாது. காயைக் களத்துல நல்லாக் காயவெச்சு அப்பறமா மூட்டை புடிக்கணும். சொத்தை இந்த மில்லை விட்டு எங்கியும் போவக் கூடாது, எங்க வீட்டுக்கும் வேணாம், செக்குக்கும் வேணாம், மாட்டுக்கும் வேணாம். எங்க மடிக்கு நல்ல கடலை குடுங்க. தோலோட காயாக் குடுங்க, காதுல குலுக்கிப் பாத்துத்தான் எடுப்போம்."

தெய்வசிகாமணி முடியாது என்றார். ஐந்து நாள் முடியாது என்றார். ஆறாம் நாள், குவிந்து கிடந்த சொத்தையை எல்லாம் வெளியூர் எண்ணெய் வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிடுவது என்று லாரியில் ஏற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி அனுப்பினார். லாரி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தார்ப்பாய் ஓட்டையில் ஒரு பூ எட்டிப் பார்த்தது. பெரிய ஏரிக்கரை திரும்புவதற்குள் தார்ப்பாயே தெரியவில்லை. வழியில் இரண்டு ஊர்க்காரர்கள் கல்யாண வண்டி என்று நினைத்து வழிமறித்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். வியாபாரி தூரத்திலேயே பார்த்துவிட்டு கேட்டைச் சாத்தினார். இன்னும் நான்கு ஊர், நான்கு கேட். ஒன்பதாம் நாள் பட்டப்பகலில், முன்கண்ணாடியைக்கூடப் பூ மூடி, டிரைவர் தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டு, லாரி கூட்டுரோட்டுக்கே திரும்பி வந்து மில் வாசலில் நின்றது. ஊரே கூடி நின்று பார்த்தது. வாங்குவதற்கு உலகத்தில் ஒருவரும் இல்லாத ஒன்றைத்தான் பன்னிரண்டு வருஷமாக மடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது, அந்த லாரியின் எதிரே நின்றபோதுதான் தெய்வசிகாமணிக்கு உறைத்திருக்க வேண்டும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுந்திருங்கம்மா" என்றார். "மடியைப் புடிங்க. நல்ல காயி போடச் சொல்றன்."

கூட்டுரோட்டில் அன்றைக்குக் கேட்ட குலவைச் சத்தத்துக்கு மாரியம்மன் கோயில் மணி தானாக அடித்தது என்று பூசாரி சொல்கிறார். சொத்தையை மில்லுக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். அந்த மண்மேடு நாற்பது நாள் மஞ்சளும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது, ஒரு தேனீகூட அந்தப் பக்கம் போகவில்லை, நாற்பத்தோராம் நாள் எல்லாம் உதிர்ந்துவிட்டது.

இப்போது எங்கள் ஊரில் வாழ்த்துச் சொல்வதே மாறிவிட்டது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது "ஒன் சோறு பூக்காம இருக்கட்டும்" என்று நெற்றியில் திருநீறு வைக்கிறோம். கடலை வாங்குகிறவர்கள் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், உள்ளே பருப்பு கலகலவென்று ஆடினால் காய்ந்தது, ஊமையாக இருந்தால் மறுபடி களத்துக்குப் போகும். பால் சொசைட்டிக்காரர் சல்லடையை ஆணியில் மாட்டிவிட்டார். மாசிலாமணி, எங்கள் சட்னி பூக்காது என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார். ஊர் பூக்காமல் இருப்பதும் தன் பதவிக்காலத்தின் சாதனைதான் என்று பஞ்சாயத்துத் தலைவர் மைக் வைத்துச் சொன்னார், நாங்களும் கைதட்டினோம்.

நிலவரசியின் பூ மிளகு அளவாகி, கடுகு அளவாகி, தை மாதம் ஒருநாள் காலையில் சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது காணவில்லை. வலது விலாவுக்குக் கீழே வெறும் தோல், சுத்தமான தோல். அஞ்சலாட்சி அந்த இடத்தை முத்தமிட்டு முத்தமிட்டுப் பார்த்தாள். பிள்ளை தன் பூவைக் காணோம் என்று ஒரு மணி நேரம் அழுதாள். பங்குனியில் பால்வாடி டீச்சர் அவளைத் தராசில் ஏற்றி, "யம்மா அஞ்சலாட்சி, இங்க வா, முள்ளு நவுருது!" என்று கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். சித்திரையில் இன்னும் நகர்ந்தது. போன தீபாவளிக்கு எடுத்த கவுன் முட்டிக்கு மேலே ஏறிக்கொண்டது, அஞ்சலாட்சி அதைத் தெரு முழுக்கக் காட்டினாள்.

சனிக்கிழமை மதியம் மில் விட்டால் நாற்பது பெண்கள் மடி நிறையக் காய்ந்த காயோடு கூட்டுரோட்டில் நடந்து வருவார்கள். அடி எடுத்து வைக்க வைக்க நாற்பது மடியும் கலகலவென்று சத்தம் போடும். பஸ் டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் நிற்பார்கள், டீக்கடையில் பேச்சு நிற்கும், அந்தச் சத்தம் முழுக்கக் கடந்து போகும்வரை எங்களுக்கு வேறு வேலை ஓடாது. சித்திரை கடைசி சனிக்கிழமை நிலவரசி எதிரே ஓடி வந்து அம்மாவின் மடிக்குள் கையை விட்டாள். ஒரு காயை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினாள்.

"பேசுதும்மா."

"இன்னா சொல்லுது?"

பிள்ளை தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டாள். "வளந்துட்டியான்னு கேக்குது."

அஞ்சலாட்சி நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள், பின்னால் வந்த முப்பத்தொன்பது பேரும் நின்றார்கள். நிலவரசி காயை உடைத்துத் தின்றாள், இன்னொன்று, இன்னொன்று, ஒரு பிடி முழுக்க, எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கடலையும் கசக்கவில்லை.